திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுமுன்: தூரத்திலும் நேரத்திலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்தின் களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்து வீடுகளில் விமான டிக்கெட் கைக்கு வந்ததும் முதலில் எழும் கேள்வி "எத்தனை மணி நேரம்?" என்பதுதான். டிக்கெட்டில் உள்ள இரண்டு நேரங்களையும் ஒரே கடிகாரத்தின் நேரங்களாகக் கருதிக் கழித்துவிடுவதால், அதற்குச் சொல்லப்படும் விடை பல வீடுகளில் பிழையாகிவிடுகிறது. புறப்படும் நேரம் புறப்படும் ஊருடையது; சேரும் நேரம் சேரும் ஊருடையது. துபாய்க் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுவதால், இங்கே காலை 4.30-க்குக் கிளம்பி அங்கே 7.00-க்கு இறங்குபவர் இரண்டரை மணி நேரமல்ல, நான்கு மணி நேரம் பறந்திருக்கிறார். திரும்பும்போது அதே ஒன்றரை மணி நேரம் கூடுதலாகத் தோன்றும்.

தூரத்திலும் இப்படித்தான். திருவனந்தபுரத்திலிருந்து சென்னைக்கு வான்வழித் தூரம் சுமார் 615 கிலோமீட்டர்; பாலக்காடு வழியாகச் சுற்றிப் போகும் ரயிலுக்கோ அது 900-ஐத் தாண்டும். ரயில் தூரத்தை விமானத்துக்குப் பொருத்தக் கூடாது. சரியான தூரத்தையே எடுத்தாலும், அதை மணிக்கு 850 கிலோமீட்டர் என்ற வேகத்தால் வகுத்து "முக்கால் மணி நேரம்" என்று முடிவு செய்வது தவறு. அந்த வேகம் உயரத்தில் சீராகப் பறக்கும்போது மட்டுமே உண்டு. மேலே ஏறவும் கீழே இறங்கவும் நேரம் பிடிக்கும்; தவிர, அட்டவணை நேரம் விமானம் நிற்குமிடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, சேருமிடத்தில் நின்ற பின்னரே முடிகிறது. அதனால்தான் சென்னைக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் போடுகிறார்கள். சுமார் 2,950 கிலோமீட்டர் உள்ள துபாய்க்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. குறுகிய பயணத்தில்தான் கணக்கு உதைக்கும்.

எல்லாவற்றிலும் வேதனையானது நள்ளிரவுத் தேதியில் நேரும் பிழை. எங்கள் தெருவில் ஒரு வீட்டில், 12-ஆம் தேதி 00.40 என்றிருந்த டிக்கெட்டை வைத்துக்கொண்டு, 12-ஆம் தேதி இரவு அச்சுமுறுக்கும் நேந்திரங்காய் வறுவலும் கட்டிய பெட்டியுடன் காரில் ஏறினார்கள். விமானம் போய் ஏறத்தாழ ஒரு நாள் ஆகியிருந்தது. 00.40 என்றால் 11-ஆம் தேதி இரவு பன்னிரண்டு மணி கழிந்த நாற்பதாவது நிமிடம். வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருக்க வேண்டும் என்பதையும், வழியில் நெய்யாற்றின்கரையிலும் பாலராமபுரத்திலும் வண்டி ஊர்ந்துதான் போகும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 11-ஆம் தேதி இரவு எட்டு மணிக்கே படியிறங்கியிருக்க வேண்டும்.

உள்நாட்டு முனையம் சங்குமுகம் பக்கம், பன்னாட்டு முனையம் சாக்கை பக்கம். ஓடுபாதையின் இரு புறமும் அவை இருப்பதால், மாறிப் போய்விட்டால் சாலையில் சுற்றித்தான் வர வேண்டும். பங்குனி, ஐப்பசி ஆராட்டு (சுவாமியைக் கடலில் நீராட்டும் விழா) நாள்களில் பத்மநாபசுவாமி கோயில் ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குச் செல்வதால், மாலையில் சில மணி நேரம் விமானங்கள் நிறுத்தப்படுகின்றன. அந்த நாள்களில் டிக்கெட் எடுத்தபோது இருந்த நேரத்தை நம்பாமல், விமான நிறுவனம் அனுப்பும் திருத்திய நேரத்தைப் பார்த்தே வண்டி சொல்லுங்கள்.