இரண்டு கோள், ஒரு பட்டன்: புதிதாக ஆட வருகிறவர்கள் சொதப்பும் இடங்கள்

‘எ டான்ஸ் ஆஃப் ஃபயர் அண்ட் ஐஸ்’ 2019-இல் ஸ்டீமில் வந்த சின்ன தாள விளையாட்டு. செய்தது மலேசியாவின் செவன்த் பீட் கேம்ஸ். சிவப்பும் நீலமுமாக இரண்டு கோள்கள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டே பாதையில் போகும், சுற்றுகிற கோள் அடுத்த கட்டத்தின் மேல் வரும்போது தட்ட வேண்டும், அவ்வளவுதான். புதுச்சேரியில் நான் சொல்லி ஆட ஆரம்பித்த பசங்கள் எல்லோரும் ஆரம்பத்தில் நான் விழுந்த அதே குழிகளில்தான் விழுகிறார்கள். அவசரப்பட்டுத் தட்டுவதெல்லாம் தானாகச் சரியாகிவிடும், அதை விடுங்கள்.

புளூடூத்தில் ஆடுவது

இதை நினைத்தாலே எரிச்சல் வருகிறது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் சித்தி பையன், "அண்ணே, கேம்ல ஏதோ கோளாறு, சரியாத்தான் தட்டுறேன், செத்துப் போகுது" என்று போன் போட்டுப் புலம்பினான். புளூடூத்தா என்று கேட்டேன். ஆமாம், ஆனா நல்ல கம்பெனி என்றான். வயர் போடுடா என்று சொல்லியும் கேட்காமல், டப்பாவில் ‘கேமிங்’ என்று எழுதியிருந்த இன்னொரு புளூடூத் இயர்போனை மூவாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கிவந்து அதிலும் செத்தான்.

கணக்கு ரொம்ப எளிது. நிமிடத்துக்கு 120 தட்டு (பீட்) ஓடும் பாட்டில் ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 500 மில்லி செகண்ட், அரைத் தட்டென்றால் 250. சாதாரண புளூடூத் 200 மில்லி செகண்ட் வரை பிந்தலாம். அப்படியானால் காதுக்குத் தாளம் வந்து சேரும்போது கோள் கிட்டத்தட்ட அடுத்த அரைத் தட்டுக்கே போய்விட்டிருக்கும். பாட்டைக் கேட்டுத் தட்டுகிறவன்தான் முதலில் சாவான். ஒலி பிந்துவதற்கு ஏற்பத் தட்டும் நேரத்தைச் சரிசெய்யும் காலிபரேஷன் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் அது நகர்த்துவது ஒரே ஒரு நிலையான அளவை. புளூடூத்தின் தாமதமோ நேற்று ஒன்று, இன்று ஒன்று. வயர் இயர்போன் அல்லது போனின் ஸ்பீக்கர், அப்புறம் ஒருமுறை காலிபரேஷன், போதும். பையன் கடைசியில் மேசை டிராயரில் கிடந்த பழைய வயர் இயர்போனில்தான் அந்த இடத்தைத் தாண்டினான். மூவாயிரம் போனது போனதுதான்.

கோளையே முறைத்துப் பார்ப்பது

கோளை விட்டுவிட்டுப் பாதையைப் படியுங்கள். நேர்கோட்டில் அரைச் சுற்றுக்கு ஒரு தட்டு. செங்கோணத் திருப்பம் வந்தால் அரைத் தட்டு, கோள் வெளிப்பக்கமாகச் சுற்றி வந்தால் ஒன்றரை. கூரான முக்கோணத் திருப்பங்கள் வரிசையாக வந்தால் ஒரு தட்டுக்குள் மூன்று, அதாவது திஸ்ரம். மிருதங்கம், நட்டுவாங்கம் பக்கம் போனவர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. மற்றவர்கள் தகிட தகிட என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு ஆடுங்கள், வீட்டில் யார் முறைத்தாலும் பரவாயில்லை.

ஒரே விரல்

வேகமான இடத்தில் இரண்டு விரலை மாற்றி மாற்றித் தட்டுங்கள்.

எடுத்ததும் நோ-ஃபெயில்

தவறினாலும் சாகாமல் ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும் முறை இது. வேண்டாம். எங்கே பிசகுகிறது என்பதே தெரியாமல் போய்விடும்.

முடித்ததும் அழித்துவிடுவது

முடித்த பாட்டையே வேகம் கூட்டி ஆடும் ஸ்பீடு ட்ரையல் ஒன்று உள்ளே இருக்கிறது. பரதநாட்டியத்தில் அடவை மூன்று காலத்தில், அதாவது மூன்று வேகத்தில், ஆட வைக்கிற மாதிரிதான். முதல் காலத்தில் ஒளிந்துகொண்ட தடுமாற்றமெல்லாம் அங்கே வெளியே வரும். பசங்களில் பாதிப் பேர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.