சீக்கத்தை எட்டிய பிறகு: பெருங்குடல் புற்றுநோய் முன்கண்டறிதலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேமரா பொருத்திய நெகிழும் குழாயை (ஸ்கோப்) மலவாய் வழியாகச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபி அறையில் எல்லோரும் காத்திருக்கும் ஒரு நொடி உண்டு. சுமார் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடலின் வளைவுகளையெல்லாம் கடந்து, அதன் தொடக்கப் பையாகிய சீக்கத்தை ஸ்கோப் எட்டியதும், குடல்வால் துளை திரையில் பிறைபோலத் தெரியும். செவிலியர் நேரத்தைக் குறித்துக்கொள்வார். மருத்துவரின் தோள்கள் தளரும். படுத்திருப்பவரிடம் “கஷ்டமான பகுதி முடிந்துவிட்டது” என்று ஆறுதல் சொல்லப்படும். உண்மையில் பரிசோதனை அப்போதுதான் தொடங்குகிறது. உள்ளே போவது வழி தேடுவது மட்டுமே. குடல் சவ்வில் வளரும், சில பின்னாளில் புற்றாகவும் மாறக்கூடிய கட்டிகளாகிய பாலிப்புகளைத் தேடுவது வெளியே வரும்போதுதான்.

இதை மறப்பதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் இருக்கிறது. இங்கிலாந்தில் தேசிய முன்கண்டறிதல் திட்டம் 2006இல் தொடங்குவதற்கு முன், 2004இல் வெளியான ஓர் ஆய்வு பிரிட்டனில் நடந்த 9,223 கொலோனோஸ்கோபிகளை அலசியது. அவற்றில் 77 சதவீதத்தில் சீக்கத்தையோ அதற்கு அப்பாலோ எட்டியதாக எழுதப்பட்டிருந்தது. கண்டிப்பான அளவுகோலை வைத்துப் பார்த்தபோது அது 57 சதவீதமாகச் சுருங்கியது. அதன் பிறகு பயிற்சி முறை மாறியது, திட்டத்தில் பணியாற்ற விரும்பும் மருத்துவர் தனித் தேர்வில் தேற வேண்டும் என்ற விதி வந்தது, 2011இல் நடந்த நாடளாவிய தணிக்கையில் எட்டும் விகிதம் 92 சதவீதத்தைத் தாண்டியது. பெரிய சாதனைதான். ஆனால் எட்டுவதையே தரம் என்று எண்ணும் பழக்கத்தையும் அதுவே வளர்த்துவிட்டது என்பது என் கருத்து.

வெளியே வரும்போது காட்டும் அவசரமே முதல் தவறு. அமெரிக்காவில் 2006இல் வெளியான ஆய்வொன்றில், சராசரியாக 6 நிமிடத்திற்கும் குறைவாகத் திரும்பி வந்த மருத்துவர்கள் 11.8 சதவீதத்தினரிடமும், அதற்கு மேல் எடுத்துக்கொண்டவர்கள் 28.3 சதவீதத்தினரிடமும் பாலிப் வகைக் கட்டிகளைக் கண்டனர். ஒரே ஊர், ஒரே மருத்துவக் குழு; கண்டவற்றில் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். அதற்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரே இடத்தில் நிற்பதால் பயனில்லை. மடிப்புகளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பது, தேங்கிய நீரை உறிஞ்சுவது, ஒட்டிய மலத்தைக் கழுவுவது, சுருங்கிய குடலை விரிப்பது ஆகியவற்றுக்குத்தான் அந்த நிமிடங்கள். நோயாளியைத் திருப்பிப் படுக்கவைப்பதும் அதில் சேரும். மேல்பக்கம் இருக்கும் பகுதிக்கு வாயு ஏறி அதை விரிக்கும் என்பதால், வலப்பக்கக் குடலைப் பார்க்க இடப்பக்கமாகவும், குறுக்குக் குடலைப் பார்க்க மல்லாந்தும், இடப்பக்கக் குடலைப் பார்க்க வலப்பக்கமாகவும் படுக்கவைப்பது வழக்கம். மயக்க மருந்தின் கிறக்கத்தில் இருப்பவரைத் திருப்புவது சிரமம் என்று இதைத் தவிர்த்துவிடுகிறவர்கள் பலர்.

வலப்பக்கக் குடலைத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே வளரும் ஒருவகைத் தட்டையான ரம்பப்பல் பாலிப், சுற்றியுள்ள சவ்வின் நிறத்திலேயே, மேலே மஞ்சள் நிறச் சளித்தொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டு கிடக்கும். ஒட்டியிருப்பது மலம் என்று நினைத்துக் கழுவாமல் கடந்துவிட்டால் பாலிப்பும் அதனுடனே தப்பிவிடும். கல்லீரலுக்கு அடியில் குடல் திரும்பும் வளைவுவரை வந்துவிட்டு மறுபடி சீக்கத்திற்குப் போய் இரண்டாவது முறை பார்த்து வருவதற்குச் சில நிமிடங்களே கூடுதலாக ஆகும்.

கழுவுவதைப் பற்றிப் பேசும்போது பேதி மருந்தையும் பேசியாக வேண்டும். முழு மருந்தையும் முந்தைய நாள் மாலையே குடிக்கச் சொல்வது பழைய முறை. இரவு முழுவதும் சிறுகுடலிலிருந்து இறங்கும் பித்தம் கலந்த நீர், முதலில் படிவது வலப்பக்கக் குடலில்தான். ஆகவே பாதி மருந்தை முந்தைய மாலையிலும், மறுபாதியைப் பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரத்திற்கு முன்னும் குடிக்கவைப்பதே இன்றைய நெறி. காலை எட்டு மணிக்கு அழைக்கப்பட்டவர் அதற்காக அதிகாலை மூன்று மணிக்கு எழ வேண்டியிருக்கும். காரணத்தைச் சொன்னால் பெரும்பாலோர் எழுவார்கள், வெறும் துண்டறிக்கையை அஞ்சலில் அனுப்பினால் எழமாட்டார்கள். உணவு விஷயத்திலும் இதே கதைதான். லண்டனில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பெரியவர் ஒருவர், கொட்டையும் விதையும் கூடாது என்ற விதியை வாசித்துவிட்டு ரொட்டியை நிறுத்தி, சோறும் ரசமும் மட்டும் சாப்பிட்டு வந்தார். ரசத்தில் மிதந்த கடுகும் தக்காளி விதையும் விதைகள்தாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஸ்கோப்பின் உறிஞ்சு குழாய் மூன்று முறை அடைபட்டது. இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்ல மறப்பதும் அடிக்கடி நடக்கிறது. கழுவினாலும் போகாத கரிய பசையை அது விட்டுச் செல்லும்.

சுத்தத்தைப் பதிவு செய்வதில் இன்னொரு பிழை ஒளிந்திருக்கிறது. பாஸ்டன் அளவுகோல் குடலின் மூன்று பகுதிகளுக்கும் தனித்தனியே 0 முதல் 3 வரை மதிப்பெண் தருகிறது. கழுவி உறிஞ்சிய பிறகு, ஒவ்வொரு பகுதிக்கும் குறைந்தது 2 இருந்தால்தான் பரிசோதனை போதுமானது. மொத்தம் 6 வந்துவிட்டது என்று, வலப்பக்கத்தின் 1ஐ மற்ற இரண்டு பகுதிகளின் மதிப்பெண்களில் மறைத்துவிடுவது நோயாளிக்குப் பொய்யான நிம்மதியைத் தருவதாகும்.

கண்டுபிடித்த பாலிப்பை முழுவதுமாக எடுக்காமல் விடுவதும் காணாமல் விட்டதற்குச் சமம். 5 முதல் 20 மில்லிமீட்டர் வரையிலான கட்டிகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்று முழுமையாக அகற்றப்படவில்லை என்று 2013இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. மருத்துவருக்கு மருத்துவர் அந்த அளவு வெகுவாக வேறுபட்டது. சிறிய பாலிப்பைக் கிடுக்கியால் துண்டு துண்டாகப் பிய்க்காமல், 10 மில்லிமீட்டருக்குக் குறைந்தவற்றை மின்சாரம் இல்லாத சுருக்குக் கம்பியால், சுற்றிலும் ஓரிரு மில்லிமீட்டர் நல்ல சவ்வையும் சேர்த்து அறுப்பதே நல்லது.

எண்களைக் கையாள்வதிலும் கவனம் தேவை. ஒரு மருத்துவர் செய்யும் பரிசோதனைகளில் எத்தனை சதவீதத்தில் குறைந்தது ஓர் அடினோமாவாவது (புற்றாக மாறக்கூடிய பாலிப் வகை) கிடைக்கிறது என்பதே முதன்மையான அளவுகோல். அது ஒரு சதவீதம் கூடினால் பின்னாளில் புற்றுநோய் வரும் அபாயம் 3 சதவீதம் குறைகிறது என்பதை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பரிசோதனைகளை வைத்து 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆனால் ஒன்று கிடைத்ததும் கணக்கு நிறைவேறிவிடுவதால், அதற்குப் பின் கண் சற்றே சோர்ந்துவிடும் அபாயம் இந்த அளவுகோலுக்குள்ளேயே இருக்கிறது. இங்கிலாந்துத் திட்டத்தில் மேசைக்கு வருபவர்கள், வீட்டிலிருந்து அனுப்பிய மலத்தில் இரத்தம் இருப்பதாகத் தெரிந்ததால் அழைக்கப்பட்டவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அவர்களிடம் அடினோமா இருக்கும் வாய்ப்பு ஏற்கெனவே அதிகம். அமெரிக்க வழிகாட்டுதல்கள் 2024இல் பொதுவானவர்களுக்கு 35 சதவீதத்தையும், மலப் பரிசோதனையில் தேறாதவர்களுக்கு 50 சதவீதத்தையும் இலக்காக வைத்தது இதனால்தான். ஒரு கூட்டத்தின் இலக்கை இன்னொரு கூட்டத்திற்கு வைத்து மகிழ்ந்துகொள்வதும், பத்துப் பதினைந்து பரிசோதனைகளை வைத்து ஒரு மருத்துவரை எடைபோடுவதும் ஒரே வகைக் குற்றங்கள்.

பரிசோதனைக்குப் பின் மூன்று ஆண்டுகளுக்குள் தெரியவரும் புற்றுநோயை “வேகமாக வளர்ந்திருக்கும்” என்று சொல்லிக் கோப்பை மூடுவது எல்லாவற்றிலும் பெரிய தவறு. இங்கிலாந்தில் கொலோனோஸ்கோபி செய்துகொண்டு பெருங்குடல் புற்றுநோய் கண்டறியப்பட்டவர்களில் இப்படிப் பின்னர் தெரியவந்தவர்களின் விகிதம் 2005இல் 9 சதவீதமாக இருந்து 2013இல் 6.5ஆகக் குறைந்தது, முன்கண்டறிதல் திட்டத்துக்குள் செய்யப்பட்டவற்றில் அது 3.6 சதவீதமே. வளரும் வேகம் மட்டுமே காரணம் என்றால் இப்படி வேறுபடாது. அப்படியான ஒவ்வொரு நோயாளிக்கும் பழைய அறிக்கையைத் தோண்டி எடுத்து, சீக்கத்தின் படம் இருக்கிறதா, எத்தனை நிமிடத்தில் திரும்பினார்கள், பாலிப்பை எடுத்த இடத்திலேயே கட்டி வந்ததா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். நான் பார்த்த ஓர் அறிக்கையில் குடல் சுத்தம் “நன்று” என்று எழுதியிருந்தது. அதனுடன் இணைத்திருந்த சீக்கத்தின் படத்தில் பாதி, பழுப்பு நிற நீருக்குள் இருந்தது.