கை உதறும் குழந்தையின் கையைப் பிடிக்கும் முன்: ஆட்டிசத்தில் பெரியவர்கள் செய்யும் தவறுகள்

மூன்று வயதுக் குழந்தை கூடத்தில் நின்று இரண்டு கைகளையும் உதறிக்கொண்டே இருக்கிறது. டிவியில் பிடித்த பாட்டு வந்ததாலா? அடுப்பில் குக்கர் விசில் அடித்ததாலா? காது வலிக்கிறதா? தூக்கம் வந்துவிட்டதா? நான்குக்கும் கை உதறல் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். காரணம் மட்டும் வேறு, அதனால் செய்ய வேண்டியதும் வேறு. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் திரும்பத் திரும்பச் செய்யும் செயல்களில் வீட்டிலும் பள்ளியிலும் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை, செயலை மட்டும் பார்த்துவிட்டு அது எப்போது வருகிறது என்பதைப் பார்க்காததால் வருபவை.

எல்லாவற்றையும் ஒரே பழக்கமாக எண்ணுவது

குழந்தை மனநல மருத்துவர் லியோ கேனர் 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே, வட்டமான பொருள்களைச் சுழற்றுவதும் எதுவும் மாறக்கூடாது என்ற பிடிவாதமும் பதிவாகியிருக்கின்றன. 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல நோயறிதல் கையேடு திரும்பத் திரும்பச் செய்யும் செயல்களை நான்காகப் பிரிக்கிறது: ஒரே மாதிரியான அசைவு, பேச்சு அல்லது பொருளைக் கையாளும் விதம்; மாறாத வழக்கங்களின் மேல் பிடிவாதம்; ஒன்றிரண்டு விஷயங்களில் மட்டும் அளவுகடந்த ஆர்வம்; ஒலி, ஒளி, தொடுதல் போன்றவற்றுக்கு மிக அதிகமான அல்லது மிகக் குறைவான எதிர்வினை. ஆட்டிசம் என்று சொல்ல இந்த நான்கில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும்.

நடைமுறையில் இதை இரண்டு கூட்டமாகப் பார்த்தால் போதும். முதல் கூட்டம் உடம்போடும் புலன்களோடும் சேர்ந்தது: கை உதறுவது, குதிப்பது, சுற்றுவது, ஃபேனையே பார்ப்பது, பொம்மைக் காரைக் கவிழ்த்துச் சக்கரத்தை மட்டும் உருட்டுவது. வயது குறைவாகவும் பேச்சும் விளையாட்டுத் திறனும் இன்னும் வளராமலும் இருக்கும்போது இவை அதிகம். அவை வளர வளரப் பல குழந்தைகளிடம் குறையும். இரண்டாவது கூட்டம் "அப்படியேதான் இருக்கணும்" என்பது: அதே தட்டு, அதே சட்டை, பள்ளிக்கு அதே வழி. இது அறிவுத்திறனோடு அவ்வளவாக ஒட்டுவதில்லை, பதற்றத்தோடு ஒட்டுகிறது. குக்கர் சத்தத்துக்கும் கூட்டத்துக்கும் அஞ்சும் குழந்தை, அடுத்து என்ன வரும் என்பது தெரிந்திருந்தால்தான் நிம்மதியாக இருக்கும். வழக்கம் அதற்கு ஒரு கைப்பிடிச் சுவர். முதல் கூட்டத்துக்குச் சொன்ன வைத்தியத்தை இரண்டாவதற்குச் செய்தால் பலிக்காது.

பெண் குழந்தைகளிடம் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பையன் கார்களை அடுக்கினால் உடனே கண்ணில் படுகிறது. பெண் குழந்தை ஐந்து பொம்மைகளுக்கு அதே வரிசையில், அதே மாதிரி, தினமும் தலைவாரினால் "நல்லா விளையாடுறா" என்று விட்டுவிடுகிறார்கள். அந்த விளையாட்டில் கதை மாறுகிறதா, பொம்மை எப்போதாவது சாப்பிடுகிறதா, தூங்குகிறதா என்று பாருங்கள்.

தொடர்பைக் காரணம் என்று நினைப்பது

கை உதறலும் உடம்பு ஆட்டமும் அறிவு வளர்ச்சி பின்தங்கிய குழந்தைகளிடம் சராசரியாக அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இதைக் கேட்டுவிட்டு, கை உதறும் தன் பிள்ளைக்கு அறிவு குறைவு என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. சராசரியை வைத்துத் தனி ஒரு குழந்தையை அளக்க முடியாது. பேச்சு வராத குழந்தையின் திறனை, பேச்சு தேவைப்படாத சோதனைகளைக் கொண்டு உளவியலாளர்தான் பார்க்க வேண்டும்.

தூக்கமும் அப்படித்தான். தூக்கம் கெட்ட குழந்தைகளிடம் இந்தச் செயல்கள் கூடுதலாகக் காணப்படுகின்றன. ஆனால் பதற்றம் தூக்கத்தைக் கெடுக்கும், கெட்ட தூக்கம் பதற்றத்தைக் கூட்டும். எது முதல் என்று வாதாடுவதைவிடப் படுக்கும் நேரத்தை ஒரே மாதிரி வைத்து, படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே மொபைலை எடுத்து வைப்பது பயன் தரும். மொபைலால்தான் ஆட்டிசமே வந்தது என்று தாயைக் குற்றவாளியாக்கும் உறவினர்களுக்கு இந்த வித்தியாசம் புரிவதே இல்லை.

இன்னொன்று: ஆட்டிசம் இல்லாத குழந்தைகளும் இவற்றைச் செய்கிறார்கள். உளவியலாளர் எஸ்தர் தெலன் 1979-இல் வெளியிட்ட ஆய்வில், 20 கைக்குழந்தைகளை முதல் ஓராண்டு கவனித்து 47 வகைத் தாள அசைவுகளைப் பதிவு செய்தார். இரண்டு முதல் நான்கு வயதுக்குள் "அதே கதை, அதே டம்ளர்" என்ற பிடிவாதம் எல்லா வீட்டிலும் உண்டு. தூங்கும் முன் தலையைத் தலையணையில் மோதும் குழந்தைகள் பெரும்பாலும் மூன்று வயதையொட்டி விட்டுவிடுவார்கள். கூப்பிட்டால் திரும்பாதது, விரல் நீட்டிக் காட்டாதது, வந்த சொற்கள் மறைவது ஆகியவை சேர்ந்திருந்தால் காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவமனையில் உள்ள மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்திலோ குழந்தை மருத்துவரிடமோ உடனே காட்டுங்கள்.

கையைப் பிடித்து நிறுத்துவது

"கையைக் கீழே போடு" என்று நாள் முழுக்கச் சொல்லும் வீட்டில் நடப்பது பெரும்பாலும் இதுதான்: உதறல் நிற்கும், அதற்குப் பதில் சட்டைக் காலரைக் கடிப்பது தொடங்கும். அடக்கியது உள்ளே இருக்கும் தேவையை அல்ல, அது வெளிவரும் வழியை. இப்படிச் செய்வது மனதை அமைதிப்படுத்துகிறது, சத்தத்தைத் தாங்க உதவுகிறது என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்களே சொல்கிறார்கள்.

நிறுத்தலாமா என்பதற்கு மூன்று கேள்விகள் போதும். குழந்தைக்கோ மற்றவருக்கோ காயம் ஆகிறதா? சாப்பாடு, தூக்கம், கற்றல் ஏதாவது தடைபடுகிறதா? குழந்தையே தவிக்கிறதா? மூன்றுக்கும் "இல்லை" என்றால் விட்டுவிடுங்கள். கல்யாண வீட்டில் நாலு பேர் பார்க்கிறார்கள் என்பது இந்தப் பட்டியலில் கிடையாது.

ஏதாவது ஒன்றுக்கு "ஆம்" என்றால் ஒரு நோட்டு எடுங்கள். ஐந்து நாள், நான்கு பத்திகள்: நேரம், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, குழந்தை எவ்வளவு நேரம் என்ன செய்தது, உடனே பெரியவர்கள் என்ன செய்தார்கள். "அடம் பிடித்தான்" என்று எழுதாதீர்கள். "மிக்சி போட்டதும் காதைப் பொத்தி இரண்டு நிமிடம் குதித்தான்" என்று எழுதுங்கள். கடைசிப் பத்தியைத்தான் எல்லோரும் காலியாக விடுகிறார்கள். பெரும்பாலும் விடை இருப்பது அங்கேதான்.

மிக்சி, குக்கர்தான் காரணம் என்று தெரிந்தால், போடும் முன் சொல்லிவிட்டுக் குழந்தையை அடுத்த அறைக்கு அனுப்பலாம். காதுமூடி தரலாம்; நாள் முழுக்க மாட்டிவிடக் கூடாது, சாதாரணச் சத்தமும் பின்பு தாங்காமல் போகும். கடிப்பது தேவை என்றால் கடிப்பதற்கென்றே விற்கும் சிலிகான் பொருள் கொடுங்கள். பச்சை கேரட் துண்டு வேண்டாம், நான்கு வயதுக்குள் அது தொண்டையில் அடைக்கும். சுற்றுவது பிடிக்கும் குழந்தைக்குப் பாடம் அல்லது சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம் ஊஞ்சல், பக்கத்தில் ஆள் இருக்க. செருப்பை அடுக்கும் குழந்தையோடு நீங்களும் உட்காருங்கள். வரிசையின் கடைசியில் ஒரு செருப்பை வையுங்கள். நடுவில் நுழைத்தால் வரிசை கெடும், உங்கள் மேல் உள்ள நம்பிக்கையும் போகும்.

வலியைப் பிடிவாதம் என்பது

இதுவே மிக ஆபத்தான தவறு. பேச்சு வராத குழந்தை "காது வலிக்குது" என்று சொல்லாது. காதுப் பக்கம் அடித்துக்கொள்ளும். ஏற்கெனவே இருந்த செயல் இரண்டு மூன்று நாளில் திடீரென்று கூடினாலோ, தலையை மோதுவது புதிதாகத் தொடங்கினாலோ, முதலில் போக வேண்டிய இடம் குழந்தை மருத்துவரிடம். தெரபிஸ்ட் அதற்கு அப்புறம். காதுத் தொற்று, சொத்தைப் பல், மலச்சிக்கல், சாப்பிட்டது எதுக்களிப்பது ஆகிய நான்கையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சாப்பிட்டபின் முதுகை வில்லாக வளைக்கும் குழந்தைக்கு எதுக்களிப்பு இருக்கலாம்.

பால், பிஸ்கட், தயிர்சாதம் தவிர வேறு எதையும் தொடாத குழந்தைக்கு இரும்புச்சத்துக் குறைய வாய்ப்பு அதிகம். அது தூக்கத்தையும் கெடுக்கும். ஹீமோகுளோபினோடு, உடம்பில் சேர்த்து வைத்த இரும்புச்சத்தைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். மண்ணையும் சுவரில் உரிந்த பெயிண்டையும் தின்றால் ஈயத்தின் அளவையும்.

வலிப்பைத் தவறவிடுவது

ஆட்டிசம் உள்ளவர்களிடம் வலிப்பு நோய் மற்றவர்களைவிட அதிகம். வெறித்துப் பார்த்து நிற்பது எல்லாம் "அவன் உலகம்" ஆகிவிடாது. தோளைத் தொட்டு, பிடித்த பொருளைக் கண் முன் காட்டுங்கள். கவனம் திரும்பினால் அது பெரும்பாலும் ஸ்டிம்மிங், அதாவது கை உதறல் போலத் தன்னை அமைதிப்படுத்தத் திரும்பத் திரும்பச் செய்வது. திரும்பாமல், கண் இமை துடித்து, சில விநாடியில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டும். கைக்குழந்தை தூங்கி எழுந்ததும் அடுத்தடுத்துக் கொத்துக் கொத்தாக உடம்பு சுருங்கி, கை தூக்கிப் போட்டால் அன்றே மருத்துவமனை. மொபைலில் முழு உடம்பும் தெரியும்படி வீடியோ எடுத்துச் செல்லுங்கள். பாதி நோயறிதல் அதிலேயே முடியும்.

ஒரு வயதையொட்டிப் பெண் குழந்தை பொருளைப் பிடிக்கும் பழக்கத்தை இழந்து, நெஞ்சுக்கு முன் கைகளைப் பிசைந்துகொண்டே இருந்தால் ரெட் நோய் என்ற மரபணுக் கோளாறுக்கான சோதனை பற்றிக் கேட்க வேண்டும்.

தெரியாமல் பரிசு கொடுப்பது

குழந்தை தலையை மோதுகிறது. உடனே மொபைல் கைக்கு வருகிறது. பத்து முறை இப்படி நடந்தால் மோதுவது மொபைல் கேட்கும் மொழியாகிவிடும். நோட்டின் நான்காவது பத்தியில் இது பளிச்சென்று தெரியும். இங்கே கேட்பதற்கு வேறு வழி கற்றுத்தருவதே வேலை: படத்தைத் தொடுவது, கையை நீட்டுவது, ஒரு சொல். முதல் நாள்களில் அந்த வழியில் கேட்ட ஒவ்வொரு முறையும் உடனே கொடுங்கள். மோதினால் தலைக்கடியில் தலையணை வைத்துப் பாதுகாத்துவிட்டு, திட்டும் கெஞ்சலும் இல்லாமல் இருங்கள். சில நாள் மோதல் முன்பைவிடக் கூடும். அந்தக் கட்டத்தில் பாட்டி மனசு கேட்காமல் மொபைலைக் கொடுத்துவிட்டால், இன்னும் பலமாக மோதினால் கிடைக்கும் என்பதே பாடமாகிவிடும். ஆகவே வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகே தொடங்குங்கள். இரத்தம் வருமளவுக்கு இருந்தால் வீட்டு முயற்சி வேண்டாம், நிபுணர் மேற்பார்வை தேவை.

வழக்கத்தை ஒரே நாளில் உடைப்பது, அல்லது ஒருபோதும் தொடாமல் விடுவது

"உலகம் அவனுக்காக மாறுமா" என்று நீலத் தட்டைத் தூக்கிப் போடுபவர்களும் உண்டு. சத்தத்துக்குப் பயந்து வீடே நீலத் தட்டுக்கு அடிமையாவதும் உண்டு. சுவரில் நான்கு புகைப்படங்கள் ஒட்டுங்கள், உங்கள் வீட்டிலேயே எடுத்தவை: பல் தேய்ப்பது, குளியல், இட்லி, வேன். முடிந்ததைக் குழந்தையே எடுத்து டப்பாவில் போடட்டும். ஒரு வாரம் இது பழகியபின், "மாற்றம்" என்பதற்கு ஒரு மஞ்சள் அட்டையைச் சேருங்கள். முதல் மாற்றம் குழந்தைக்குப் பிடித்ததாக இருக்க வேண்டும்: இட்லிக்குப் பதில் அதன் விருப்பமான தோசை. மஞ்சள் அட்டை என்றால் கெட்ட செய்தி என்று பதிந்துவிட்டால் பிறகு அதை எடுத்தாலே அழுகைதான். பள்ளி வழியை மாற்றுவதானால் கடைசி இருபது மீட்டரை மட்டும் மாற்றுங்கள், விடுமுறை நாளில், அவசரம் இல்லாதபோது.

திருப்பிச் சொல்வதை அதட்டுவது

"தண்ணி வேணுமா?" என்று நீங்கள் தினமும் கேட்ட கேள்வியையே குழந்தை உங்களிடம் வந்து சொல்கிறது. அது கேலி செய்யவில்லை, தாகம் என்கிறது. 1980-களில் பேச்சு, மொழி நிபுணர் பேரி பிரிசான்ட் செய்த ஆய்வுகளிலிருந்து இந்த எதிரொலிப் பேச்சுக்குப் பல பயன்கள் உண்டென்று தெரியும். "திருப்பிச் சொல்லாதே" என்பதற்குப் பதில், குழந்தை சொல்ல வேண்டியதை அதன் வாயில் வருவது போலச் சொல்லுங்கள்: "தண்ணி வேணும்." சொல்லிக்கொண்டே டம்ளரைக் கொடுங்கள்.

மாத்திரையில் நிறுத்தப் பார்ப்பது

மனச்சோர்வுக்குத் தரும் சிட்டலோபிராம் மருந்தை, ஆட்டிசம் உள்ள 149 குழந்தைகளிடம் 12 வாரம் சோதித்து 2009-இல் முடிவு வெளியிட்டார்கள். மருந்து எடுத்தவர்களிலும் வெற்று மாத்திரை எடுத்தவர்களிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் முன்னேறினார்கள். மருந்து எடுத்தவர்களுக்குத் தூக்கமின்மையும் ஒரே அசைவைத் திரும்பச் செய்வதும் கூடின. ரிஸ்பெரிடோன் என்ற மனநல மருந்துக்கு அமெரிக்காவில் 2006-இல் அனுமதி கிடைத்தது ஆட்டிசத்தோடு வரும் கடும் எரிச்சலுக்கும் ஆக்ரோஷத்துக்கும். கை உதறலுக்கு அல்ல. எடையும் ஏறும். மருத்துவர் எழுதினால் எந்த அறிகுறிக்கு, எத்தனை வாரத்தில் மறுபரிசீலனை என்று கேளுங்கள். ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தால் நீங்களாகத் திடீரென நிறுத்தாதீர்கள்.

உணவுக் கட்டுப்பாடு, மருந்து, புது தெரபி மூன்றையும் ஒரே வாரத்தில் தொடங்குபவர்கள் எது வேலை செய்தது என்று எப்போதும் அறியப்போவதில்லை. ஒரு மாற்றம், இரண்டு வாரம், அதே நோட்டில் அதே நான்கு பத்திகள், பிறகு அடுத்தது.