ரீப்ளேஸ், சப்ஸ்டிடியூட்: எது உள்ளே வருகிறது, எது வெளியே போகிறது?

"கேன் வி சப்ஸ்டிடியூட் ஃப்ரைடே ஃபார் தீபாவளி?"

வேலையிட வாட்சாப் குழுவில் சூப்பர்வைசர் இப்படிக் கேட்டால், தீபாவளிக்கு வீட்டில் இருக்கலாமா, வேலைக்குப் போகணுமா? எங்கள் குழுவில் பாதிப் பேர் ஒரு மாதிரி, மீதிப் பேர் நேர்மாறாகப் புரிந்துகொண்டார்கள். சிங்கப்பூர் வேலை நியமனச் சட்டப்படி, முதலாளியும் ஊழியரும் ஒத்துக்கொண்டால் பொது விடுமுறையை வேறொரு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம். அதனால் அவசரப்பட்டு 'ஓகே' போடாதீர்கள்.

படி 1: ரீப்ளேஸ்

இதில் பெரிய சிக்கல் இல்லை. "ரீப்ளேஸ் தி ஓல்ட் பல்ப் வித் அ நியூ ஒன்." போவது முதலில், வருவது 'வித்'துக்குப் பிறகு. மறந்தால் மைக்ரோசாஃப்ட் வேர்டில் கன்ட்ரோல்-எச் அழுத்துங்கள்: மேல் கட்டத்தில் 'ஃபைண்ட் வாட்', கீழே 'ரீப்ளேஸ் வித்'. அதே வரிசைதான்.

வருவதே எழுவாயாகவும் நிற்கும். 2002இல் சிங்கப்பூரில் பேருந்து, ரயில் கட்டணத்துக்கான காந்தப் பட்டை அட்டைகள் போய் ஈசி-லிங்க் அட்டை வந்ததே, அதை "ஈசி-லிங்க் கார்ட்ஸ் ரீப்ளேஸ்ட் தி ஓல்ட் கார்ட்ஸ்" என்பார்கள்.

படி 2: ரீப்ளேஸின் இன்னொரு பொருள்

பட்டறைச் சுவரில் "ப்ளீஸ் ரீப்ளேஸ் டூல்ஸ் ஆஃப்டர் யூஸ்" என்று இருந்தால், புது ஸ்பேனர் வாங்கி வைக்கச் சொல்லவில்லை. எடுத்ததை எடுத்த இடத்தில் வை, அவ்வளவுதான்.

படி 3: சப்ஸ்டிடியூட் (இங்கேதான் எல்லாரும் தடுக்கி விழுவது)

இதில் வரிசை தலைகீழ். வருவது முதலில், போவது 'ஃபார்' என்பதற்குப் பிறகு. தமிழில் நாம் போவதை முதலில் சொல்லிப் பழகியவர்கள்: "தீபாவளிக்குப் பதிலாக வெள்ளி." அந்தப் பழக்கத்தில் ஆங்கில வாக்கியத்தையும் இடமிருந்து வலமாக அப்படியே படித்தால் பொருள் கவிழ்ந்துவிடும்.

வரிசையை விடுங்கள், 'ஃபார்' எங்கே என்று மட்டும் தேடுங்கள். அதற்குப் பின்னால் இருக்கும் சொல்லோடு '-க்குப் பதிலாக' சேர்த்துப் பாருங்கள். 'ஃபார் தீபாவளி' என்றால் தீபாவளிக்குப் பதிலாக. ஆக, தீபாவளியன்று வேலை, வெள்ளிக்கிழமை லீவு.

எழுதியவருக்கே இந்த விதி தெரியாமல் இருக்கலாம் என்பதுதான் தொல்லை. எனவே பதிலில் "ஸோ, வொர்க் ஆன் தீபாவளி, ஆஃப் ஆன் ஃப்ரைடே?" என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

படி 4: 'சப்ஸ்டிடியூட் வித்'

இதுவும் புழக்கத்தில் உண்டு. அப்போது ரீப்ளேஸ் மாதிரியே, போவது முதலில். பழைய இலக்கணக்காரர்களுக்குப் பிடிக்காது. ஆனால் ஆக்ஸ்ஃபர்ட் லேர்னர்ஸ் அகராதி இரண்டையும் தருகிறது. என் கட்சி இதுதான்: படிக்கும்போது இரண்டையும் தெரிந்து வைத்திருங்கள், எழுதும்போது ரீப்ளேஸ்-வித் போதும். பிள்ளைகளுக்குத் தேர்விலும் அதுவே பாதுகாப்பு.

அகராதி என்றதும் கூகுள் ட்ரான்ஸ்லேட்டுக்கு ஓடாதீர்கள். 'மாற்று' என்று ஒரே சொல்லைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். கூட வரும் ஃபார், வித் பற்றி மூச்சு விடாது. கற்போருக்கான அகராதி இலவசமாகவே இணையத்தில் கிடைக்கிறது.

பிற்சேர்க்கை: ஃபார், வித் இரண்டுமே இல்லாவிட்டால் என்ன செய்வது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. காற்பந்துச் செய்தியில் ஓர் ஆட்டக்காரர் "வாஸ் சப்ஸ்டிடியூட்டட்" என்றால் அவர் வெளியே போனவர். அதே ஆட்டத்தில் "தி சப்ஸ்டிடியூட்" என்று பெயர்ச்சொல்லாக வந்தால் உள்ளே வந்தவர். "தி சப்ஸ்டிடியூட் வாஸ் சப்ஸ்டிடியூட்டட்" என்றும் எழுதுவார்கள்: பாவம், உள்ளே வந்தவரையே திரும்ப வெளியே எடுத்துவிட்டார்கள்.