பழைய ஸ்பிளெண்டர் அளவுக்கு மீறிச் சூடாகிறதா? பார்க்க வேண்டிய வரிசை

ஏர் கூல்டு (காற்றால் குளிரும்) இன்ஜின் சூடாகத்தான் செய்யும். சிக்னலில் நிற்கும்போது காலில் அனல் அடிப்பது கோளாறில் சேராது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடியதும் பிக்கப் விழுவது, மேடேறும்போது இன்ஜினுக்குள் கிணிகிணி என்று நாக்கிங் கேட்பது, ஆயில் கருகும் வாடை, சூட்டில் நிறுத்தினால் ஆறும் வரை கிக்கருக்கு மசியாமல் இருப்பது, இவைதான் கோளாறு.

கீழே உள்ளவை ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர், சிடி 100 போன்ற 97.2 சிசி கார்புரேட்டர் வண்டிகளை வைத்துச் சொல்பவை. வேறு ஏர் கூல்டு வண்டிக்கும் இதே வரிசைதான், அளவுகள் மட்டும் மாறும்.

ஓடும்போதே இன்ஜின் இறுகுவது போலத் தெரிந்தால் கிளட்சைப் பிடித்து ஓரங்கட்டி, சாவியை ஆஃப் செய்து அரை மணி நேரம் விடுங்கள். சூடான ஹெட்டில் (இன்ஜினின் மேல் மூடியில்) தண்ணீர் ஊற்றவே கூடாது. ஒரு பக்கம் மட்டும் சட்டென்று குளிர்ந்தால் அலுமினியம் கோணிக்கொள்ளும், விரிசலும் விடும்.

1. முதலில் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள்

பலரும் நேராகக் கார்புரேட்டரைக் கழற்றுவார்கள். பல வண்டிகளில் குற்றவாளி பின் பிரேக். பிடித்தபடியே ஓடினால் 40 கிமீ வேகத்துக்கே இன்ஜின் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும்.

சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் தள்ளிவிடுங்கள். தடையில்லாமல் சில சுற்று சுற்ற வேண்டும். ஒரு சுற்றுக்குள் உரசி நின்றால் பிரேக் ராடின் நட்டைத் தளர்த்தி, பெடலுக்கு 20 முதல் 30 மி.மீ. ஃப்ரீ பிளே (பிரேக் பிடிக்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம்) வையுங்கள். செயின் டைட் வைக்கும்போது சக்கரம் பின்னால் நகர்வதால் பிரேக் ராடும் தானாக இறுகிவிடும். செயினை வைத்துவிட்டு பிரேக்கைத் தளர்த்த மறப்பதால் வரும் சூடு இது. தளர்த்திய பிறகும் பிடித்தால் பிரேக் கேம் (ஷூவை விரிக்கும் அச்சு) காய்ந்து துருப்பிடித்திருக்கும். சக்கரத்தைக் கழற்றி, கேமைத் துடைத்து, துளி கிரீஸ் தடவி மாட்டுங்கள். ஷூவில் கிரீஸ் படக் கூடாது.

முன் சக்கரத்தையும் இதேபோல் பாருங்கள். செயின் நடுப்பகுதி மேலும் கீழுமாகச் சுமார் 25 மி.மீ. ஆட வேண்டும். டயர் காற்று முன்னால் 25, பின்னால் 28 பிஎஸ்ஐ.

கிளட்ச் நழுவினாலும் சூடுதான். மூன்றாம் கியரில் முறுக்கும்போது சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் லீவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. ஆட்டம் இருக்கிறதா பாருங்கள். ஆட்டம் சரியாக இருந்தும் நழுவினால் பிளேட் மாற்ற வேண்டியதுதான்.

2. ஆயில்

இந்த இன்ஜினில் கொள்வதே ஒரு லிட்டருக்குக் குறைவு. அதில் 200 மி.லி. குறைந்தாலே பெரிய குறைச்சல். வண்டியை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, மேலும் இரண்டு நிமிடம் கழித்து, சென்டர் ஸ்டாண்டில் நிமிர்ந்த நிலையில் டிப் ஸ்டிக்கைத் துடைத்துச் செருகுங்கள். மரையில் திருகாமல் சும்மா வைத்து எடுக்க வேண்டும். திருகி அளந்தால் ஆயில் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும்.

கறுத்து நீர்த்துப் போயிருந்தால் இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போதே அடியில் உள்ள டிரெயின் போல்ட்டைக் கழற்றி வடியவிடுங்கள். வாஷரைப் புதிதாகப் போடுங்கள். 10டபிள்யூ30, டப்பாவில் ஜேசோ எம்ஏ (பைக் ஆயிலுக்கான தரக் குறி) என்று போட்டிருக்க வேண்டும். கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் நழுவத் தொடங்கும், ஏனென்றால் இதில் கிளட்சும் அதே ஆயிலில்தான் முங்கியிருக்கிறது. முதலில் 700 மி.லி. ஊற்றி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேல் கோடு வரை நிரப்புங்கள். கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தவறு.

இந்த இன்ஜினில் காகித ஃபில்டர் கிடையாது. வலது பக்க கவருக்குள் ஒரு வலையும், கிராங்கோடு சேர்ந்து சுற்றி அழுக்கைப் பிரிக்கும் ஒரு கிண்ணமும்தான். பல வருடம் திறக்காத வண்டியில் அந்தக் கிண்ணத்துக்குள் கறுப்புக் களி அப்பியிருக்கும். முதல் முறை செய்பவர் இதை மெக்கானிக்கிடம் விடுவது நல்லது. ஆனால் ‘சுத்தம் பண்ணுங்க’ என்று வாய்விட்டுக் கேளுங்கள், கேட்காவிட்டால் திறக்க மாட்டார்கள்.

3. ஃபின்

சேறும் ஆயிலும் கலந்து ஃபின் (இன்ஜினைச் சுற்றியுள்ள குளிர்விக்கும் தகடுகள்) இடுக்கில் அடைத்திருந்தால் காற்று பட்டும் பயனில்லை. ஆறிய இன்ஜினில் டீசல் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். ஹெட்டுக்கு முன்னால் கட்டிய பேனர் துணி, பை எல்லாம் போகட்டும்.

4. பிளக் சொல்வதைக் கேளுங்கள்

டாப் கியரில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டி, ஐட்லிங்கில் விடாமல் அப்படியே ஆஃப் செய்து நிறுத்துங்கள். ஆறியதும் 16 மி.மீ. பிளக் ஸ்பானரால் கழற்றுங்கள். பீங்கான் நுனி டீத்தூள் வடிந்த பழுப்பில் இருந்தால் சரி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், சூட்டுக்குக் காரணம் வேறு. சுண்ணாம்பு வெள்ளையாக, கொப்புளம் தட்டினாற்போல் இருந்தால் லீன், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் வரவில்லை.

பிளக் எண்ணையும் பாருங்கள். என்ஜிகே பிளக்கில் எண் குறையக் குறைய நுனி அதிகம் சூடேறும். 7 போட வேண்டிய இடத்தில் 6 போட்டிருந்தால் அதுவே காரணமாகலாம்.

5. லீன் என்றால் எங்கே?

சூடான நிலையில் வண்டி திணறும்போது சோக்கைப் பாதி இழுங்கள். உடனே தெளிந்து ஓடினால் லீன் உறுதி. பிறகு இந்த வரிசையில் தேடுங்கள்.

டேங்க் மூடி: திணறும் நேரத்தில் திறந்தால் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகிறதா? மூடியில் உள்ள சிறு துளை அடைத்திருக்கிறது. ஊசி விட்டுத் திறந்தால் போதும், காசு செலவில்லாத ரிப்பேர்.

பெட்ரோல் வரத்து: இன்ஜின் ஆறிய பின், பக்கத்தில் நெருப்பில்லாத இடத்தில், கார்புரேட்டர் குழாயை உருவி பாட்டிலில் விடுங்கள். சொட்டுச் சொட்டாக வந்தால் டேங்க் துரு டேப் வலையை அடைத்திருக்கிறது.

காற்று லீக்: பழைய வண்டியில் இதுதான் அதிகம். கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள இன்சுலேட்டரின் ஓ-ரிங் வெயிலிலும் சூட்டிலும் காய்ந்து வெடித்துவிடும். ஐட்லிங்கில் வைத்து அந்த இணைப்பில் மட்டும் தண்ணீர் ஸ்பிரே செய்யுங்கள். சத்தம் மாறினால் லீக் அங்கேதான். ஓ-ரிங் விலை மிகக் குறைவு. பெட்ரோலைத் தெளித்துச் சோதிக்கும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு, நீங்கள் செய்யாதீர்கள்.

இவை எல்லாம் சரியென்றால்தான் கார்புரேட்டர். ஜெட்டை (பெட்ரோல் வரும் சிறு துளையுள்ள திருகை) கிளீனர் ஸ்பிரேயாலும் காற்றாலும் மட்டும் ஊதுங்கள். கம்பி விட்டால் துளை பெரிதாகும். ஏர் ஸ்க்ரூவைக் கழற்றுமுன் முழுவதும் உள்ளே திருகி எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அதற்காகச் செய்யப்படாத பழைய கார்புரேட்டரில் கலவை சற்று லீனாகும், ரப்பரும் சீக்கிரம் கெடும். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, ஓப்பன் சைலன்சரும் மாட்டிய வண்டிக்கு இதுவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஒரிஜினல் ஃபில்டரையும் சைலன்சரையும் திரும்ப மாட்டுங்கள்.

6. டேப்பட்

டேப்பட் (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கர் என்ற கைக்கும் நடுவில் உள்ள இடைவெளி) சத்தமே வராமல் டைட் வைக்கச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைக் கழிப்பதே சீட்டில் (ஹெட்டில் வால்வு வந்து மூடும் வளையத்தில்) உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான். இடைவெளி இல்லாமல் இறுக்கினால் அது முழுவதும் உட்காராது, ஓரம் கருகும். லேசான சத்தம் இருக்கட்டும்.

ராத்திரி முழுக்க ஆறிய இன்ஜினில் செய்ய வேண்டிய வேலை இது. ஹெட்டில் உள்ள இரண்டு வட்ட மூடிகளையும் இடது கவர் மூடிகளையும் திறந்து, ‘டி’ குறி (பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் குறி) நேராக வரும் வரை கிராங்கைச் சுற்றுங்கள். இரண்டு ராக்கரும் லேசாக ஆட வேண்டும். ஆடாவிட்டால் இன்னொரு முழுச் சுற்று சுற்றுங்கள். மேனுவலில் உள்ள அளவுக்கு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) மெல்லிய பிடிப்போடு நுழைய வேண்டும். லாக் நட்டை இறுக்கிய பிறகு மறுபடி ஒருமுறை அளந்து பாருங்கள், இறுக்கும்போதே அளவு மாறிவிடும்.

ஒவ்வொரு படிக்குப் பிறகும் அதே சாலையில் அதே தூரம் ஓட்டிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது.

இத்தனைக்கும் அடங்காமல் சூடு தொடர்ந்து, சைலன்சரில் நீலப் புகையும், ஆயிரம் கிலோமீட்டருக்குள் ஆயில் குறைவதும் சேர்ந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்து எரியும் வாயு கீழே இறங்குகிறது. ஹெட்டை இறக்கி, லேத்தில் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) அளந்து, 0.25 மி.மீ. ஓவர்சைஸில் தொடங்கி எந்தப் பிஸ்டன் பொருந்துமோ அதைப் போட வேண்டும். அளக்காமல் ரிங் மட்டும் மாற்றித் தருகிறேன் என்றால் வேறு பட்டறை பாருங்கள்.