மாருதி 800 கிளட்ச் கோளாறு: கியர்பாக்ஸை இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

பழைய மாருதி 800-ல் கிளட்ச் சரியில்லை என்று சொன்னால், "செட் மாத்தணும்" என்ற பதில்தான் முதலில் வரும். கிளட்ச் செட்டை (பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங்) தொட வேண்டுமானால் சக்கரங்களைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டுகளைக் கழற்றி, கியர்பாக்ஸை இறக்க வேண்டும். கேபிளைச் சரிசெய்யவோ பத்து நிமிடம் போதும். அதனால் சோதனையைப் பெடலில் தொடங்குங்கள்.

ஓர் அடி ஸ்கேல், ஸ்பேனர் செட், டார்ச், சக்கரத்துக்கு அண்டக் கொடுக்க இரண்டு கட்டை, உதவிக்கு ஒருவர். இவ்வளவு போதும்.

படி 1: ஃப்ரீ பிளே

என்ஜினை அணைத்துவிட்டுப் பெடலைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். முதலில் லேசாக இறங்கும், பிறகு ஓர் இடத்தில் கனக்கும். அந்த லேசான தூரம்தான் ஃப்ரீ பிளே. ஸ்கேலை வைத்து அளந்தால் 15 முதல் 25 மி.மீ. வரை இருக்க வேண்டும்.

கிளட்ச் பிளேட் தேயத் தேய இந்தத் தூரம் குறையும். முழுக்கக் குறைந்துவிட்டால், நீங்கள் காலை எடுத்த பிறகும் ரிலீஸ் பேரிங் பிரஷர் பிளேட்டை அழுத்திக்கொண்டே இருக்கும், கிளட்ச் வழுக்கும், அதாவது என்ஜினின் சக்தி முழுதாகச் சக்கரத்துக்குப் போகாது. கேபிள் நீண்டால் நேரெதிர்: ஃப்ரீ பிளே கூடும், பெடலை அடிவரை மிதித்தாலும் கிளட்ச் முழுதாக விடாது, அதாவது என்ஜினையும் கியர்பாக்ஸையும் முழுதாகப் பிரிக்காது.

சரிசெய்யும் நட், கியர்பாக்ஸ் பக்கம் ரிலீஸ் ஆர்மில் (கேபிள் இழுக்கும் நெம்புகோல்) கேபிள் முடியும் இடத்தில் இருக்கிறது. இறுக்கினால் ஃப்ரீ பிளே குறையும், தளர்த்தினால் கூடும். தளர்த்த மரையே மிச்சமில்லை என்றால் பிளேட் தேய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

படி 2: கேபிள்

உதவியாளர் பெடலை மிதிக்கட்டும். நீங்கள் பானெட்டைத் திறந்து ரிலீஸ் ஆர்மைப் பாருங்கள். ஆர்ம் திக்கித் திக்கி நகர்ந்தாலோ, பெடல் கல் மாதிரி கனத்தாலோ, முதல் சந்தேகம் கேபிள் மீது. இரண்டு முனைகளிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரே ஓர் இழை அறுந்து நீட்டிக்கொண்டிருந்தாலும் கேபிளை மாற்றிவிடுங்கள். நடுரோட்டில் அறுந்தால் வண்டியை நகர்த்தவே திண்டாட வேண்டும்.

(உங்கள் கார் வேறு மாடலாக இருந்து, கேபிளுக்குப் பதில் ஆயிலால் இயங்கும் கிளட்ச் என்றால், டப்பாவில் ஆயில் அளவையும் மாஸ்டர், ஸ்லேவ் சிலிண்டர்களில் கசிவையும் பாருங்கள்.)

படி 3: வழுக்குகிறதா?

என்ஜின் சூடான பிறகு, ஆளில்லாத சமதளச் சாலையில் நான்காம் கியரில் 40 கி.மீ. வேகத்தில் போங்கள். ஆக்சிலரேட்டரை ஒரேயடியாக மிதியுங்கள். என்ஜின் சத்தம் மட்டும் எகிறி, வேகம் ஏறாவிட்டால் வழுக்குகிறது. ஆர்.பி.எம். மீட்டர் இல்லாத வண்டியில் காதுதான் மீட்டர்.

சாலை வசதி இல்லையென்றால்: சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள், ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுங்கள், வண்டிக்கு முன்னும் பின்னும் யாரும் நிற்கக் கூடாது. மூன்றாம் கியர் போட்டு, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்தபடி கிளட்ச் பெடலிலிருந்து காலை எடுங்கள். நல்ல கிளட்ச் என்றால் என்ஜின் உடனே அணைந்துவிடும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் உடனே பெடலை மிதித்து நிறுத்துங்கள். இந்தச் சோதனையை ஒருமுறைக்கு மேல் செய்யாதீர்கள், பிளேட் கருகிவிடும்.

படி 4: முழுதாக விடுகிறதா?

என்ஜின் ஐடிலில், வண்டி நியூட்ரலில். பெடலை அடிவரை மிதித்து ஐந்து வினாடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். கரகரவென்று அரைத்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை. ரிவர்ஸைச் சொல்வதற்குக் காரணம், அதில் சின்க்ரோ (கியர்களின் சுழல் வேகத்தை ஒன்றாக்கி, அரைக்காமல் விழ வைக்கும் பாகம்) கிடையாது. கோளாறை அது மறைக்காது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். என்ஜினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். அப்போதும் இறுக்கமாக இருந்தால் கோளாறு கியர் லிங்கேஜில் (கியர் லீவரையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் அமைப்பு). இரண்டாம் கியர் மட்டும் அரைத்தால் அந்த கியரின் சின்க்ரோ தேய்ந்திருக்கலாம். இரண்டுக்கும் கிளட்ச் செட் மாற்றிப் பயனில்லை. மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டியில் பிளேட் துருப்பிடித்து ஃப்ளைவீலோடு (என்ஜினோடு சுழலும் கனமான சக்கரம்) ஒட்டியிருக்கவும் வாய்ப்புண்டு.

படி 5: சத்தமும் உதறலும்

பெடலை மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் காலை எடுத்திருக்கும்போது வந்து, மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் பேரிங்.

முதல் கியரில் கிளம்பும்போது வண்டி உதறினால், முதலில் என்ஜின் மவுண்ட் ரப்பர் கிழிந்திருக்கிறதா பாருங்கள். அது நன்றாக இருந்தால் பிளேட்டில் ஆயில் பட்டிருக்கலாம். என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் துணியால் துடைத்து மோந்து பாருங்கள். கந்தக நெடி அடித்தால் கியர் ஆயில். இல்லையென்றால் பெரும்பாலும் கிராங்க் ஷாஃப்ட்டின் பின் ஆயில் சீல் கசிவு. சீலை மாற்றாமல் பிளேட்டை மட்டும் மாற்றினால் புதுப் பிளேட்டும் நனையும்.

ஃப்ரீ பிளேயும் கேபிளும் சரியாக இருந்தும் வழுக்கினாலோ, மேலே சொன்ன பேரிங் சத்தம், ஆயில் கசிவு போன்றவை இருந்தாலோதான் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். இறக்கியதும் பிளேட்டில் ரிவெட் தலை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளக்கச் சொல்லுங்கள்; அந்த ஆழம் 0.5 மி.மீ.-க்குக் குறைவாக இருந்தால் அந்தப் பிளேட் ஆகாது. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊத விடாதீர்கள். பழைய பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைப்பதே பாதுகாப்பு. புது செட் போட்டு 500 கி.மீ. ஓடியதும் ஃப்ரீ பிளேயை மறுபடி அளந்து பாருங்கள்.