வழியனுப்பிவிட்டால் முடிந்துவிடுமா? அயல்நாட்டு மிஷனரிகளை அனுப்பும் சபைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கமிட்டி அறையில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம். கம்போடியாவில் ஊழியம் செய்ய அழைப்பு இருக்கிறது என்று சொன்ன தம்பியிடம் ஒரு மணி நேரமாகக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தோம். இரட்சிப்பின் சாட்சி, வேத அறிவு, படிப்பு, கடன் ஏதாவது இருக்கிறதா என்பதுவரை எல்லாம் கேட்டாகிவிட்டது. பதில்கள் திருப்தியாக இருந்தன. மினிட் புத்தகத்தில் தீர்மானம் எழுதச் செயலாளர் பேனாவைத் திறந்த நேரத்தில், எங்கள் ஐயரம்மா (போதகரின் மனைவி) கதவோரமாகப் பார்த்தார்கள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அந்தத் தம்பியின் மனைவி உட்கார்ந்திருந்தாள். “நீ என்னம்மா சொல்ற?” என்று கேட்டார்கள்.

“என்னை இதுவரைக்கும் யாரும் கேட்கலீங்கம்மா.”

செயலாளர் பேனாவை மூடினார். அன்றைக்குத் தீர்மானம் எழுதவில்லை.

கடலூரில் ஒரு சபையின் மிஷனரி கமிட்டியில் பல வருடங்களாக இருக்கிறேன். இந்தக் குடும்பத்துக்கு முன்னால் நாங்கள் அனுப்பிய முதல் குடும்பம் 14 மாதத்தில் பெட்டி படுக்கையோடு திரும்பி வந்தது. அதில் அவர்கள் குற்றம் கொஞ்சம். எங்கள் குற்றம்தான் அதிகம். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்ற பாரம் இப்போது கடலூர், புதுச்சேரி சபைகளில் பரவலாக இருக்கிறது. நாங்கள் விழுந்த குழியில் இன்னொரு சபை விழக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

நம் கரைக்கு மிஷனரிகள் வந்து 300 ஆண்டுகளுக்கு மேலாகிறது. 1706 ஜூலையில் சீகன்பால்கும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். அனுப்புவதும் நமக்குப் புதிதல்ல. 1903-இல் திருநெல்வேலிச் சபையார் சொந்தப் பணத்தில், சொந்த ஆட்களைக் கொண்டு இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கித் தெலுங்கு தேசத்துக்கு அனுப்பினார்கள். ஆனால் தெலுங்கு தேசத்துத் தோர்ணக்கலுக்கு ஆள் அனுப்புவதும் கம்போடியத் தலைநகர் புனோம் பென்னுக்கு ஆள் அனுப்புவதும் ஒன்றில்லை. ரயில் ஏறினால் மறுநாள் வீட்டுக்கு வந்துவிடலாம் என்ற தைரியம் இரண்டாவதில் கிடையாது.

கூட்டத்தில் எழுந்து நின்றவரையே தேர்ந்தெடுப்பது

எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது. கன்வென்ஷன் கடைசி ராத்திரி, பிரசங்கியார் அழைப்புக் கொடுக்கிறார், ஒரு வாலிபன் கண்ணீரோடு முன்னால் போகிறான். அந்தக் கண்ணீரை நான் மதிக்கிறேன். அது தொடக்கம். அந்த ராத்திரிக்கும் விமானம் ஏறும் நாளுக்கும் நடுவில் குறைந்தது இரண்டு வருடம் இருக்க வேண்டும். எங்கள் முதல் குடும்பத்துக்கு நாங்கள் கொடுத்தது ஐந்து மாதம்.

அப்போஸ்தலர் 13-ஆம் அதிகாரத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். அந்தியோகியா சபை அனுப்பிய பர்னபாவும் சவுலும் ஏற்கெனவே அந்தச் சபையில் உழைத்துக்கொண்டிருந்த போதகர்கள். சபைக்கு அவர்களைத் தெரியும். வேலை கிடைக்காதவர், வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு எங்கேயாவது போனால் போதும் என்று நினைப்பவர், உபவாசக் கூட்டத்துக்கு வெளியே சபையார் யாரோடும் பழகாதவர் என்று யாரையும் கடல் தாண்டி அனுப்பி மாற்றிவிட முடியாது. இங்கே இருக்கும் குணம்தான் அங்கேயும் போகும்; அங்கே இன்னும் பெரிதாகத் தெரியும்.

எப்படிச் சோதிப்பது? அதற்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. சிப்காட் பக்கம் வடமாநிலத்திலிருந்து வந்து வேலை செய்யும் பிள்ளைகள் ஷெட்டுகளில் தங்கியிருக்கிறார்கள். கம்போடியா தம்பியை ஒரு வருடம் அவர்களோடு பழகச் சொன்னோம். இந்தி கற்றுக்கொள்ள வேண்டும், அவர்கள் சமைப்பதை அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும், பிரசங்கம் பண்ணக்கூடாது. முதல் மூன்று மாதம் சோர்ந்துபோய் வந்தார். நான்காவது மாதம் ஒரு பையனுக்குக் காய்ச்சல் என்று ராத்திரி 11 மணிக்கு அரசு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போய், விடியும்வரை பக்கத்திலேயே இருந்தார். யாரும் சொல்லிச் செய்யவில்லை, யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் இல்லை. அந்தப் பையன் அடுத்த வாரம் சபைக்கு வந்து சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். கமிட்டி கேட்ட அத்தனை கேள்விகளைவிட அந்த ஒரு ராத்திரி எங்களுக்கு அதிகம் சொன்னது.

அவருடைய மனைவியிடம் ஐயரம்மாவும் இன்னொரு அக்காவும் தனியாகப் பலமுறை பேசினார்கள். அவளுக்கு ஊழியத்தில் மனமில்லாமல் இல்லை. தன் அம்மாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது, அதை விட்டுவிட்டு எப்படிப் போவது என்ற பயம். சபை ஒரு வருடம் காத்திருந்தது. அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் தங்கை பொறுப்பெடுத்த பிறகு, “இப்போ நான் போறேன்” என்று அவளே வந்து சொன்னாள். கணவனுக்கு மட்டும் அழைப்பு, மனைவி கூடவே வருவாள் என்று கணக்குப் போடும் கமிட்டி, பாதிக் குடும்பத்தைத்தான் அனுப்புகிறது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். உடல் பரிசோதனை கேட்பது விசுவாசக் குறைவு இல்லை. மனச்சோர்வு, தூக்கமின்மை எப்போதாவது இருந்ததா என்று ஒரு நல்ல மருத்துவர் அன்பாகக் கேட்பதும் அதில் சேர்த்திதான்.

மாதப் படியை மட்டும் கணக்கில் எடுப்பது

எங்கள் முதல் குடும்பத்துக்காக ஒரு தொகை நிர்ணயித்தோம். வாடகை, சாப்பாடு, பஸ் செலவு. அதோடு கணக்கு முடிந்தது. விசா புதுப்பிக்கும் செலவு அதில் இல்லை. மொழி வாத்தியார் சம்பளம் இல்லை. மருத்துவக் காப்பீடு, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், அவசரத்துக்கு ஊர் திரும்ப விமான டிக்கெட், வயதான காலத்துக்கு ஒரு சேமிப்பு, எதுவுமே இல்லை. நம் பணத்தின் மதிப்பு டாலருக்கு எதிரே இறங்கினால் அவர்கள் வீட்டு அரிசிப் பானையும் இறங்கும் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அறுப்புப் பண்டிகை மாதம் காணிக்கை நிரம்பி வரும்; ஜூன் மாதம் பள்ளிச் செலவில் எல்லார் கையும் வறண்டிருக்கும், படி தாமதமாகும். அந்தக் குடும்பத்து அக்கா தன் வளையலை விற்றது திரும்பி வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஆறு மாதப் படியைத் தனிக் கணக்கில் வைக்காமல் யாரையும் அனுப்புவதில்லை என்று அதற்குப் பிறகு தீர்மானித்தோம்.

இந்தத் தவறு பழையது. சீகன்பால்கு தரங்கம்பாடியில் பள்ளி நடத்தினார், அச்சகம் வைத்தார், ஆலயம் கட்டினார். தூரத்தில் கோபன்ஹேகனில் இருந்த மிஷன் சங்கத்தின் செயலாளர் வெண்ட் என்பவர், அப்போஸ்தலர்களைப்போல் கையில் ஒன்றுமில்லாமல் நடந்து ஊழியம் செய்வதை விட்டுவிட்டு இதெல்லாம் எதற்கு என்ற எண்ணத்தில் கடுமையாக எழுதினார். களத்தைக் கண்ணால் பார்க்காதவர் எழுதிய கடிதம் அது. சீகன்பால்கு 1719 பிப்ரவரியில் இறந்தபோது அவருக்கு 36 வயதுதான். அவரோடு உழைத்த குருண்ட்லர் அடுத்த வருடம் இறந்தார். ஜெபக்குழுவில் உட்கார்ந்துகொண்டு “மிஷனரிக்கு ஃபிரிட்ஜ் எதுக்கு?” என்று நாம் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடிதம் நினைவுக்கு வரும்.

மறுபக்கமும் உண்டு. பணத்தை ஒருவர் கையில் மட்டும் விட்டுவிட்டு யாரும் கணக்குக் கேட்காமல் இருப்பதும் அன்பு இல்லை. நம் கடலூரில் 1740 முதல் ஊழியம் செய்த கீர்னாண்டர், 1758-இல் பிரெஞ்சுப் படை ஊரைப் பிடித்தபோது வெளியேறிக் கல்கத்தாவுக்குப் போனார். அங்கே சொந்தப் பணத்தில் பெரிய ஆலயம் கட்டினார். முதுமையில் கடனில் சிக்கி அவர் நொடிந்தபோது அந்த ஆலயமே கடன்காரர்கள் கைக்குப் போகும் நிலை வந்தது. சார்லஸ் கிராண்ட் என்பவர் பணம் கொடுத்து மீட்டார். களத்தில் வாங்கும் இடம், வண்டி, வங்கிக் கணக்கு எல்லாம் யார் பெயரில் இருக்கும் என்பதைப் போகும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது சந்தேகப்படுவது ஆகாது. அவரைப் பாதுகாப்பது.

அடுத்தது சட்டம். இதில் நல்ல சபைகளே மாட்டிக்கொள்கின்றன. அறக்கட்டளையாகப் பதிவான சபை தன் வருமானத்தை இந்தியாவுக்கு வெளியே செலவிட்டால், மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் அனுமதி இல்லாமல் அந்தத் தொகைக்கு வரிவிலக்குக் கிடைக்காது. ரிசர்வ் வங்கியின் திட்டப்படி ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர்வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்பது தனிநபர்களுக்கு மட்டும். சபைக்கும் டிரஸ்டுக்கும் அது பொருந்தாது. வெளிநாட்டிலிருந்து வந்த நன்கொடையை வேறு அமைப்புக்கு மாற்றிக் கொடுப்பதை, வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020-இல் வந்த திருத்தம் தடுத்துவிட்டது. “சிங்கப்பூர் போற அண்ணன்கிட்ட கொடுத்து விட்டுடலாம்” என்று ரொக்கமாகக் கொடுத்தனுப்புவதும் வேண்டாம். முதல் ரூபாய் போவதற்கு முன் ஆடிட்டரிடமும் வங்கியிடமும் உட்கார்ந்து பேசுங்கள். அனுபவமுள்ள மிஷனரி சங்கம் ஒன்றோடு இணைந்து அனுப்புவது பெரும்பாலான சபைகளுக்கு நல்லது.

முதல் வருடமே ஞானஸ்நானக் கணக்குக் கேட்பது

சீகன்பால்கு வந்ததும் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு சேர்ந்து தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது 1715-இல். நம் மொழிக்காக ஒருவர் அவ்வளவு பொறுமையாக இருந்தார். நாமோ ஆறாவது மாதமே “எத்தனை பேர் வந்திருக்காங்க?” என்று வாட்ஸாப்பில் கேட்கிறோம். கம்போடியாவின் கெமர் எழுத்து நம் பல்லவர் கால எழுத்திலிருந்து வளர்ந்தது. அதற்காகத் தமிழருக்கு அது சுலபமாக வந்துவிடாது. முதல் இரண்டு வருடம் மொழிக்கு மட்டும் என்று சபையில் வெளிப்படையாக அறிவித்துவிடுங்கள். அப்போதுதான் எண்ணிக்கை சொல்லியாக வேண்டும் என்ற நெருக்கடியில் மிஷனரி எதையும் கூட்டி எழுத மாட்டார்.

படம் போடுவதிலும் அவசரம் வேண்டாம். நேபாளத்தில் 2015 அரசியலமைப்பே மதம் மாற்றுவதைத் தடுக்கிறது. 2018-இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தில் அதற்குச் சிறைத் தண்டனை உண்டு. சபையின் ஃபேஸ்புக் பக்கத்தில் நாம் பெருமையாகப் போடும் ஒரு ஞானஸ்நானப் படம், அங்கே ஒரு வீட்டுக் கதவைப் போலீஸ் தட்ட வைக்கும். சுற்றுலா விசாவில் போய் ஊழியம் செய்யலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால் ஏற்காதீர்கள். அந்த நாட்டுச் சட்டத்தை மதித்து, நேர்மையாக என்ன வேலைக்குப் போகிறோமோ அதற்கான விசாவில் போக வேண்டும்.

விட்டுச் சென்றவர்களை மறப்பது

1990-களில் உலக அளவில் 14 நாடுகளில், நம் நாட்டையும் சேர்த்து, மிஷனரிகள் ஏன் திரும்புகிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். நெடுங்காலமாக அனுப்பிவரும் நாடுகளில் பிள்ளைகளின் தேவை பெரிய காரணமாக வந்தது. புதிதாக அனுப்பத் தொடங்கிய நாடுகளில் முன்னால் வந்த காரணம், அனுப்பிய சபை தாங்காமல் விட்டது.

தாங்குவது என்றால் பணம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரை கடந்தது. பிறகு சாத்தனூர் அணையைத் திறந்துவிட, தென்பெண்ணை பெருகிக் கடலூர்க் கரையோரத் தெருக்களுக்குள் வந்தது. கம்போடியாவில் இருந்த தம்பியின் அம்மா தனியாக இருக்கிறார்கள். இங்கே கரண்ட் இல்லை, போன் எடுக்கவில்லை. அங்கே அவர் டிவி செய்தியைப் பார்த்துக்கொண்டு என்ன பாடுபட்டிருப்பார்! எங்கள் வாலிபர் சங்கப் பிள்ளைகள் இரண்டு பேர் இடுப்பளவு தண்ணீரில் போய், அம்மாவை மாடி வீட்டுக்குக் கூட்டி வந்து, கையில் டீ டம்ளரோடு உட்கார வைத்துப் படம் எடுத்தார்கள். சிக்னல் கிடைத்த இடம்வரை நடந்துபோய் அதை அனுப்பினார்கள். “அம்மா சால்வை போட்டிருக்காங்க, போதும்ணா” என்று பதில் வந்தது. அந்த வருடம் நாங்கள் செய்த உருப்படியான மிஷனரி ஊழியம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். இப்போது ஒவ்வொரு மிஷனரியின் பெற்றோர் வீட்டுக்கும் ஒரு குடும்பம் பொறுப்பு. மாதம் ஒருமுறை நேரில் போக வேண்டும்.

தாவீது, யுத்தத்துக்குப் போனவனுக்கும் ரஸ்துக்களண்டையில் (படையின் மூட்டை முடிச்சுகளுக்குக் காவலாக) இருந்தவனுக்கும் பங்கு ஒன்றுதான் என்று தீர்த்தாரே, அந்த வசனத்தை வாசிக்கும்போது எனக்கு அந்த இரண்டு பிள்ளைகள் முகம்தான் தெரிகிறது.

விடுப்பில் வந்தவரைச் சபை சபையாக அலைக்கழிப்பது

மூன்று வருடம் கழித்து இரண்டு மாத விடுப்பில் வருகிறார்கள். நாம் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு சபை, வாரநாளில் வீட்டு ஜெபக்கூட்டம் என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறோம். பிள்ளைக்கு ஊரே புதிது. தமிழில் பேச வெட்கப்படுகிறது. மனைவி தன் அம்மாவோடு நான்கு நாள் உட்கார முடியவில்லை. முதல் ஒரு மாதம் மேடையே கிடையாது என்று நாங்கள் கண்டிப்பாக வைத்திருக்கிறோம். மருத்துவப் பரிசோதனை, பல் டாக்டர், தூக்கம், மீன் குழம்பு. பிறகு கமிட்டியில் ஐந்தாறு பேர் ஒரு முழு நாள் உட்கார்ந்து கேட்க வேண்டும். அறிக்கையாக அல்ல, அவர்கள் மனதில் இருப்பதை.

ஒரேயடியாகத் திரும்பி வந்தவர்களைத் தோற்றவர்களாகப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. பாதியில் எருசலேமுக்குத் திரும்பிய மாற்குவைத்தான், ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன், கூட்டிக்கொண்டு வா என்று பவுல் பிற்பாடு எழுதினார். எங்கள் முதல் குடும்பம் இரண்டு வருடம் எந்தச் சபைக்கும் போகாமல் இருந்தது. கமிட்டி முழுவதும் அவர்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். அந்த அண்ணன் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை; அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார்கள். இன்று புதிதாகப் போக விரும்புகிறவர்களை முதலில் சந்தித்துப் பேசுவது அந்தத் தம்பதிதான். மஞ்சக்குப்பத்தில் சபையார் ஒருவர் வீட்டு மாடியை விடுப்பில் வருகிறவர்களுக்காகக் காலியாக வைத்திருக்கிறோம். கேஸ் இருக்கிறதா, ஃபேன் ஓடுகிறதா, தலையணை உறை துவைத்திருக்கிறதா என்று பார்ப்பதும் அவர்கள்தான். சாவி அந்த அக்காவிடம் இருக்கிறது.